மூலைக் கடை: சுரண்டச் சுரண்ட

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அண்ணன் கடைக்குப் புதுப் பெயர் சொன்னதிலிருந்து, சின்னவளின் கைக்கு எந்தச் சாவியும் படியவில்லை.

'அப்பாவும் மகனும்.' அதுதான் அண்ணன் சொன்ன பெயர். அப்பா தட்டைப் பார்த்தபடியே தலையை ஆட்டிவிட்டார். அண்ணி தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனாள். சின்னவள் ஒன்றும் பேசாமல் மாடியிலிருந்து இறங்கி வந்து, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கொடுத்திருந்த சாவிக்கு நகல் அறுத்தாள். பூட்டு திறக்கவில்லை. இன்னொன்று அறுத்தாள். அதுவும் மசியவில்லை. "என்னம்மா, கோபம் பூட்டுக்கா உனக்கா?" என்று வாட்ச்மேன் கேட்டதுதான் மிச்சம்.

கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும், தினமும் காலையில் வந்து மூலைக் கடையின் ஷட்டரைத் தூக்குகிறவள் அவள்தான். அம்மா போய்ச் சேர்ந்து, முழங்கால் வலி அப்பாவை மாடியிலேயே உட்கார்த்தி வைத்த பிறகு, ஆணியும் குழாயும் தாழ்ப்பாளும் அவள் பொறுப்புக்கு வந்தன. அண்ணன் வந்தது ரொம்பப் பின்னால். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போய், மனைவியோடு மாடி வீட்டுக்கே திரும்பினான். வந்தவனைக் கல்லாவில் உட்காரச் சொன்னதும் சின்னவள்தான்.

"கல்லாவில உக்காரத்தான் சொன்னேன். பேர்ப்பலகையில ஏறச் சொன்னேனா?" என்று வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் பொருமினாள்.

அவர் பஸ் டிரைவர். எதைச் சொன்னாலும் பஸ்ஸில் ஏற்றித்தான் சொல்வார். "எறங்குற ஸ்டாப் வந்தா பெல்லடிக்கணும். நீ அடிக்கலையே. வண்டி எப்படி நிக்கும்?"

வண்டி நிற்கவில்லை. இன்று காலை பெயிண்டர் ஏணியோடு வந்துவிட்டார்.

இரண்டு தெருக்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில், முனையை வெட்டினாற்போல நிற்கிற கட்டடம் அது. கீழே கடை, மேலே வீடு. ஷட்டருக்கு மேலே அகலமான சுவர். அதில்தான் 'நம்பிக்கை ஹார்டுவேர்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. தெருவுக்கு அது மூலைக் கடைதான்.

பெயிண்டர் ஏணியில் ஏறிச் சுவரைக் கதவு தட்டுவதுபோல் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள காத்து இருக்குண்ணே. இது மேலயே அடிச்சா, ரெண்டு மழைக்குத் தாங்காது. உங்க பேரு பாளம் பாளமா விழும். பழசச் சுரண்டிட்டுத்தான் எழுதணும்."

"சுரண்டு," என்றான் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் எழுத்து மாதிரி வரைந்த காகிதம். வேலைக்குப் போன காலத்தில் நின்றதுபோலவே நிமிர்ந்து நின்றான். "நாளைக்குக் காலையில திறப்பு. பழைய ஆபீஸ்காரங்க நாலு பேரக் கூப்பிட்டிருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள முடியணும்."

சின்னவள் உள்ளே போய் சாவி மெஷினை ஓட்டினாள். அறுக்க ஒன்றுமில்லை. சும்மாதான் ஓட்டினாள்.

பச்சை வண்ணம் உரிந்து விழுந்தது. அடியில் நீலம். நீலத்தில் வெள்ளை எழுத்து: 'சைக்கிள் வாடகைக்கு விடப்படும்.' பக்கத்தில் கம்பி கம்பியாக ஒரு சக்கரம்.

எதிர்ச்சாரியில் சலூன் வைத்திருக்கிறவர் வெளியே வந்துவிட்டார். அவர் கடையில் பாதிக் கன்னம் மட்டும் மழித்த ஆள் ஒருவன் துண்டைப் போர்த்தியபடி அவர் பின்னாலேயே வந்தான்.

"அடடே, இந்தச் சக்கரத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு! இந்தக் கடை சைக்கிள்லதான் நான் கீழ விழக் கத்துக்கிட்டேன்," என்றார் சலூன்காரர்.

"ஓட்டக் கத்துக்கலையா?" என்றான் துண்டு போர்த்திய ஆள்.

"அது வேற கடை சைக்கிள்ல."

சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் நாலு பேர் கூடினார்கள். அப்பா சைக்கிள் கடையில் ஆரம்பித்தவர் என்பது பிள்ளைகள் இருவருக்கும் தெரிந்த கதைதான். அண்ணனுக்குக்கூட முகம் மலர்ந்தது. "பாத்தியா, அப்பாவோட முதல் போர்டு!" என்று தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் வந்து நின்றாள்.

"இதுக்கும் அடியில ஒண்ணு இருக்கே," என்றார் பெயிண்டர், ஏணி மேலிருந்து.

கீழ் வரிசைதான் முதலில் வெளிவந்தது. மரப்பழுப்பு நிறத்தின் மேல் கறுப்பு எழுத்து, கை நடுங்காமல் எழுதிய எழுத்து. 'எல்லா அளவுகளிலும் கிடைக்கும்.'

"செருப்புக் கடை!" என்றது ஒரு குரல்.

"இல்லப்பா, ரெடிமேட் துணி."

பெயிண்டர் இன்னும் கொஞ்சம் சுரண்டினார். 'அவசரத்துக்கு எந்நேரமும் கதவைத் தட்டலாம்.'

"டாக்டர்!" என்றான் பாதிக் கன்னக்காரன். "செருப்புக் கடைக்கு எவன்யா ராத்திரி கதவத் தட்டுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். சலூன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வாயாடி மனுஷன், வெறும் வாயையே நாள் முழுக்க மெல்லுகிறவர். அவர் வாய் அடைத்து நிற்பதைச் சின்னவள் அன்றுதான் பார்த்தாள்.

"போதும் தம்பி, எறங்கு. வெயில் ஏறுது," என்றார் அவர் பெயிண்டரிடம்.

பெயிண்டருக்கோ ஆர்வம் தலைக்கேறிவிட்டது. மேல் வரிசையில் கையை வைத்தார். 'ச' வந்தது. 'வ' வந்தது. அப்புறம் ஒரே இழுப்பில் மீதியும் வந்துவிட்டது.

சவப்பெட்டிக் கடை.

குழாய் வாஷர் வாங்க வந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து படித்தார். பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

அண்ணனின் முகத்தில் ஈ ஆடவில்லை. "மூடு! வெள்ளை எடு, உடனே அடி!"

"எப்படிண்ணே அடிக்கிறது? தண்ணி தெளிச்சு சுரண்டியிருக்கேன். ஈரம் காயணும். மத்தியானத்துக்கு மேலதான் அடிக்க முடியும்."

"துணியாவது போடு!"

"எந்தத் துணிண்ணே அந்த அகலத்துக்கு?"

கூட்டத்தில் ஒருவன், "தாழ்ப்பாள் வேணும், எல்லா அளவும் இருக்கா?" என்று கேட்டு வைத்தான். பக்கத்தில் நின்றவன் அவன் முதுகில் ஒன்று போட்டான்.

சின்னவள் சலூன்காரரைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தரையில் போட்டார்.

"உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"அப்பாவக் கேளும்மா," என்றார் அவர். "நான் சொல்ற விஷயமில்ல."

*

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கூட்டத்தின் சத்தம் கேட்டிருந்தது. சுவர் நேர் கீழே இருந்ததால் எழுத்து எதையும் பார்க்க முடியவில்லை.

"என்னடி கூட்டம்? யாரையாவது வண்டி இடிச்சுதா?"

"இல்லப்பா. பெயிண்டர் சுரண்டிக்கிட்டிருக்கார். உங்க சைக்கிள் போர்டு வந்துச்சு."

"ம்."

"அதுக்கும் அடியில இன்னொண்ணு வந்திருக்கு."

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். "கறுப்பு எழுத்தா?"

"ஆமா."

"மூணு கோட் அடிச்சா உங்கம்மா," என்றார் அப்பா. "சைக்கிள் பேர எழுதறதுக்கு முந்தி, மூணு கோட். இன்னும் நிக்குதா அது?" பிறகு நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். "நான் கீழ போகணும்."

டாக்டர் படி கூடாது என்று சொல்லியிருந்தார். சின்னவள் அதைச் சொன்னாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு படியிலும் குழந்தைபோல் உட்கார்ந்து, உட்கார்ந்து இறங்கினார். சின்னவள் ஒரு படி முன்னால் பின்பக்கமாக இறங்கினாள், விழுந்தால் தாங்கலாம் என்று. பாதியில் அண்ணன் ஓடி வந்து அவர் தோளுக்குக் கை கொடுத்தான். மூன்று பேரும் ஒன்றாக எதையும் செய்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சலூன் வாசலில் நிழல் இருந்தது. சலூன்காரர் தன் நாற்காலி ஒன்றை வெளியே இழுத்துப் போட்டார். அப்பா அதில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார். கூட்டம் தானாகவே கலைந்தது. தெரு சில சமயம் அவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்ளும்.

"உங்க அம்மாவோட அப்பா தச்சர்னு சொல்லுவாளே," என்றார் அப்பா. "பொய்யில்ல. தச்சர்தான். என்ன செஞ்சார்னு மட்டும் அவ சொன்னதில்ல."

அண்ணன் தரையில் குந்திவிட்டான். இஸ்திரிச் சட்டையைப் பற்றிய நினைப்பே இல்லை.

"அந்தக் கட்டடம் அவர் கட்டினது. பின்னறைக் கதவு ஏன் அவ்வளவு அகலம்னு நீங்க கேப்பீங்க. நான் ஏதாவது சொல்லி மழுப்புவேன். பெட்டி திரும்பணும்னா அவ்வளவு அகலம் வேணும். கீழ பட்டறை, மேல வீடு. அந்த வீட்டுலதான் உங்கம்மா வளந்தா. ஸ்கூல்ல அவ பக்கத்துல எந்தப் பிள்ளையும் உக்காராது. இந்தத் தெருவுலயே ஆளுங்க எதிர்ச்சாரிக்கு மாறித்தான் நடப்பாங்க."

"நாங்க ஓடுவோம்," என்றார் சலூன்காரர் மெதுவாக. "சின்னப் பசங்க. மூச்சப் புடிச்சுக்கிட்டு ஓடுவோம்."

"நான் வெளியூர்க்காரன். எனக்கு அதெல்லாம் தெரியாது. கடை வாசல் ஓரமா சைக்கிள் பஞ்சர் ஒட்ட இடம் கேட்டேன். ஒரு நாள் என் சுத்தியல் காம்பு ஒடிஞ்சுபோச்சு. உள்ள போயி, 'சுத்தியல் இருக்கா'ன்னு கேட்டேன். அவ மரம் இழைச்சுக்கிட்டிருந்தா. தலையில மரத்தூள். ஒரு ஆள் அவகிட்ட நேரா நின்னு எதையோ கேக்கறானேன்னு அப்படியே பாத்தா." அப்பா நிறுத்தினார். உதட்டோரம் ஒரு புன்னகை வந்து போனது. "ஏழெட்டு சுத்தியல் இருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துட்டா."

"அம்மா... பெட்டி செய்வாங்களா?" என்றாள் சின்னவள்.

"அவ அப்பாவுக்குக் கை விழுந்த பிறகு அவதான் செஞ்சா. கடைசியா செஞ்சது அவருக்குத்தான். யாரையும் கிட்ட விடல. ஆணிகூட நான் அடிச்சுத் தரேன்னேன், கேக்கல. அது முடிஞ்ச மறுவாரம் ஏணி போட்டு ஏறி அந்தப் பேர மூடினா. 'இனிமே இங்க பெட்டி கிடையாது. உன் சைக்கிள உள்ள கொண்டாந்து வை'ன்னா. அதுதான் எங்க கல்யாணப் பேச்சு."

அப்பா பார்வையைச் சுவரிலிருந்து எடுத்தார்.

"இந்தக் கட்டடம் என் சம்பாத்தியம்னு நான் ஒருநாளும் சொன்னதில்லடா," என்றார் அப்பா மகனிடம். "நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. சொல்லாதன்னு அவ கேட்டுக்கிட்டா. நம்ம பிள்ளைங்க பக்கத்துல நாலு பிள்ளைங்க உக்காரணும்னா."

சின்னவளுக்கு ஒரு பழைய அடி நினைவுக்கு வந்தது. அம்மா கை ஓங்குகிறவளே இல்லை. ஒரே ஒரு முறைதான். கண்ணாமூச்சி ஆட்டத்தில் சின்னவள், குழாய் சாமான் வந்த மரப்பெட்டிக்குள் படுத்து மூடியை இழுத்து மூடிக்கொண்டாள். திறந்து பார்த்த அம்மா அவளை வெளியே இழுத்துப் போட்டு அடித்தாள். அடித்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் அழுதாள். ஏன் அடித்தாள், ஏன் அழுதாள் என்பது இத்தனை வருஷம் புரியாமலேயே கிடந்தது. ராத்திரியில் எவன் கதவைத் தட்டினாலும், தட்டி முடிப்பதற்குள் அம்மா எழுந்து நிற்பாளே, அதுவும்தான்.

"தெருவுல எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று சலூன்காரரைக் கேட்டாள்.

"பழைய ஆளுங்க எல்லாருக்கும்."

"ஒருத்தர்கூட எங்ககிட்ட சொல்லலையே!"

"எப்படிம்மா சொல்றது?" என்றார் அவர். "ஊர் வாய மூட முடியாதும்பாங்க. உங்கம்மா மூடினா. யாரையும் கெஞ்சிக் கேட்டுக்கிட்டு மூடல. என் வீட்டுல மூத்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டப்போ, ஒரு வாரம் ராத்திரி கண்ணு முழிச்சது யாருன்னு நெனைக்கிற? ஒவ்வொரு வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு. மூச்சப் புடிச்சுக்கிட்டு ஓடினவங்க நாங்க. அப்புறம் எந்த வாயால அதப் பத்திப் பேசறது?"

*

மத்தியானம் கடைக்குள் அண்ணனும் தங்கையும் மட்டும் இருந்தார்கள். ஈரம் உலர்ந்துவிட்டது என்று பெயிண்டர் வாளியைக் கலக்கத் தொடங்கியிருந்தார்.

"மூட வேண்டாம்," என்றாள் சின்னவள்.

"என்னது?"

"அம்மாவோட அடையாளம் வேற எங்கயும் இல்ல. அந்த எழுத்துதான் இருக்கு. அது அவ பொறந்த வீடு, அவ வேலை செஞ்ச பட்டறை. அது மேல போயி 'அப்பாவும் மகனும்'னு எழுதப் போறியா?"

"பேரு என்னவோ ஆகட்டும். மூடணும்." அண்ணன் ஆணி டப்பாக்களைத் தேவையில்லாமல் இடம் மாற்றினான். "அம்மாவே மறைக்கணும்னு மூணு கோட் அடிச்சிருக்கா. அதத் திறந்து போட நீ யாரு?"

அந்தக் கேள்வி அவளைச் சரியான இடத்தில் குத்தியது. "அவ மறைச்சது நமக்காக. ஸ்கூல் பிள்ளைங்க நம்ம பக்கத்துல உக்காரணும்னு. அந்தக் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு. இப்ப யாருக்காக மறைக்கணும்?"

"எனக்காக."

அவள் எதிர்பார்க்காத பதில்.

"எனக்கு வேலை போச்சுன்னு உங்க எல்லாருக்கும் நான் எப்பச் சொன்னேன், தெரியுமில்ல? ஆனா அதுக்கு ரொம்ப நாள் முந்தியே போயிருச்சு. தினமும் காலையில சட்டை மாட்டிக்கிட்டு, பைய எடுத்துக்கிட்டு, ஆபீசுக்குப் போற மாதிரி கெளம்பினேன். உங்க அண்ணிக்குக்கூடத் தெரியாது. பார்க்ல உக்காருவேன். மழை பேஞ்சா பஸ் ஏறுவேன். ஒரு நாள் ஏறினது உன் புருஷன் பஸ்."

சின்னவள் நிமிர்ந்தாள்.

"அவர் கண்ணாடியில பாத்துட்டார். நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் எறங்கல. அதே பஸ்ல திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். டீ வாங்கிக் குடுத்தார். எங்க போற, ஏன் போறன்னு ஒரு வார்த்த கேக்கல. உன்கிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சு நான் கூசிக் கெடந்தேன்."

"சொல்லல," என்றாள் சின்னவள். பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன், இத்தனை மாதமாக வாயைத் திறக்கவில்லை.

"அந்தப் பொம்பள இன்னிக்கு வாஷர் வாங்காமத் திரும்பிப் போனாங்களே, அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஆபீஸ்ல கடைசி வாரம் எல்லாரும் என்னை அப்படித்தான் பாத்தாங்க. ஒட்டிக்குமோன்னு. நாளைக்கு அதே ஆளுங்கதான் வரப்போறாங்க. அந்தப் பேரு பலகையில எனக்கு எதுக்கு, உன்னைத் தள்ளிட்டு நிக்கவா? எங்கயாவது ஒரு எடத்துல என் பேரு இருக்குன்னு அவங்களுக்குக் காட்டணும். அவ்வளவுதான்."

சின்னவளுக்கு, இத்தனை நாள் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவவில்லை. 'உனக்கு ஒண்ணும் தெரியாது' என்று ஆரம்பிக்கிற சண்டை ஒன்றை அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். தெரியாதது தனக்கும் எவ்வளவோ இருந்திருக்கிறது.

"இதையும் மறைச்சுத்தானே வச்சே," என்றாள் கடைசியில். "கஷ்டமா இல்லையா?"

"செத்துருவேன்போல இருந்துச்சு."

"அம்மாவுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?"

அண்ணன் கையிலிருந்த ஆணி டப்பாவைக் கீழே வைத்தான். அவள் அதற்கு மேல் அழுத்தவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அடிங்கண்ணே," என்றாள் பெயிண்டரிடம். "மூடிடுங்க."

பெயிண்டர் ஏறினார். இடது ஓரத்தில் ஆரம்பித்தார். 'ச' போனது. 'வ' போனது. ஒவ்வொரு எழுத்தாக வெள்ளைக்குள் முழுகுவதைச் சின்னவள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ இரண்டாம் தடவை போகிற மாதிரி இருந்தது. 'ப்' போனதும் பெயிண்டர் தூரிகையை வாளியில் வைத்துவிட்டு, டீ குடிக்க இறங்கினார்.

எதிர் நிழலில் அப்பா கண்ணைச் சுருக்கிப் படித்தார். ஒரு முறை. இன்னொரு முறை. பிறகு அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று பதறி அண்ணன் ஓடினான்.

"படிடா," என்றார் அப்பா, மூச்சு வாங்க. "மிச்சத்தப் படி!"

அண்ணன் திரும்பினான். சின்னவளும் தெருவில் இறங்கி நிமிர்ந்து பார்த்தாள்.

பெட்டிக் கடை.

எல்லா அளவுகளிலும் கிடைக்கும்.

அப்பாவுக்கு அடுத்துச் சிரித்தது அண்ணன்தான். வேலை போன நாளிலிருந்து அவன் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. இப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சட்டை கசங்க, தெரு நடுவில் நின்று. "மாடி வச்ச பெட்டிக் கடை!" என்றார் சலூன்காரர். "ஊர்லயே பெரிய பெட்டிக் கடை!" மாடி ஜன்னலில் அண்ணி தலையை நீட்டி, "என்ன, என்னாச்சு?" என்று கேட்க, பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

டீயை முடித்துவிட்டுப் பெயிண்டர் ஏணியைப் பிடித்தார்.

"இருங்க," என்றான் அண்ணன், கண்ணைத் துடைத்தபடி. "இன்னிக்கு இவ்வளவு போதும்."

"மிச்சம்?"

"மிச்சம் அப்படியே இருக்கட்டும். நாளைக்கு என்ன எழுதறதுன்னு நாங்க மூணு பேரும் உக்காந்து பேசணும்." தங்கையைப் பார்த்தான். "'அப்பாவும் மகனும்' இல்ல. அது கணக்குலயே வராது. இந்தக் கடை மகளுக்கு வந்த கடை."

"காலையில ஆபீஸ்காரங்க வருவாங்களே?" என்றாள் அவள்.

"வரட்டும். பெட்டிக் கடை வச்சிருக்கேன்னு சொல்லிக்கறேன். உள்ள வந்து பாத்தாத் தெரிஞ்சுக்குவாங்க."

சின்னவள் அவன் கையிலிருந்த எழுத்து மாதிரிக் காகிதத்தை வாங்கி, மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டாள். கிழிக்க மனம் வரவில்லை.

*

பொழுது இறங்கியது. கீழே வந்ததுதான் வந்தார், ஒரு சவரமாவது செய்துகொண்டு போகட்டும் என்று சலூன்காரர் அப்பாவை உள்ளே உட்கார வைத்துவிட்டார். அண்ணன் எதிரே கடையைப் பார்த்துக்கொண்டான். சின்னவள் சலூன் பெஞ்சில் சாய்ந்திருந்தாள். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் இருந்தது. மனசு மட்டும் லேசாக இருந்தது.

அப்பாவின் முகம் முழுக்க நுரை. சலூன்காரர் கத்தியைத் தீட்டியபடி பழைய கதைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். காலையில் அடைத்த வாய்க்கு இப்போது வட்டியும் முதலுமாக வேலை.

"உங்கம்மா எங்கள ஒண்ணும் சொல்ல மாட்டா. நாங்க ஓடறதப் பாத்துட்டு உள்ள போயிடுவா. சின்னவதான் விடமாட்டா. இழைப்புளியத் தூக்கிக்கிட்டு, 'நில்லுங்கடா'ன்னு தெருக்கோடி வரைக்கும் துரத்துவா. அப்பப்பா, என்ன ஓட்டம்!"

சின்னவள் சிரித்தாள். "நான் எங்க அப்போ இருந்தேன்? நான் பொறக்கவே இல்ல."

"நீ இல்லம்மா. அந்தச் சின்னவ. உங்க..."

சலூன்காரரின் கை நின்றது. அவர் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

சின்னவள் எழுந்தாள். 'எனக்குக் கூடப் பிறந்தவங்க யாருமில்ல' என்று அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். சோறு ஊட்டும்போது, தலை வாரும்போது, ஒரே மாதிரி, ஒரே குரலில்.

"அப்பா, அம்மாவுக்குத் தங்கச்சி இருந்தாங்களா?"

நுரைக்கு நடுவே அப்பாவின் உதடுகள் மட்டும் அசைந்தன.

"இருந்தாங்களான்னு கேக்காதம்மா," என்றார். "இருக்கா."